சாயத்தண்ணி

மைதா மாவு இரண்டு தம்ளர் எடுத்தால் தூள் உப்பு ஒரு தம்ளர். சமையல் எண்ணெய் ஒரு கரண்டி. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி, காது மடல் மாதிரி மெத்தென்று வரும்வரை பிசைய வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் கெடாது. நம் ஊர்க் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடவே நிற்கும்.

சப்பாத்தி என்று நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டாதீர்கள். இது நடை பழகும் பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்கான மாவு. போன வாரம் என் மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, இந்தப் பொண்ணு என்ன அருமையா ஐடியா சொல்றா பாரேன், கடையில எதுவுமே வாங்க வேண்டாமாம்" என்றாள். பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே மாவை நான் பிசைந்திருக்கிறேனடி, உன் மாமன் இதே மாவைத் தலையில் அப்பிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே சொல்ல முடியவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் எஸ்டேட் என்றால் என்ன, மழைக்காலம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் எஸ்டேட் மஞ்சூருக்குக் கீழே இருந்தது. அப்பாவுக்கு ஃபேக்டரியில், தேயிலையைப் பெட்டியில் அடைக்கும் பாக்கிங் ரூமில் வேலை. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. இருவரும் மேட்டுப்பாளையத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தம்பி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். அம்மா தேயிலைக் காட்டுக்குப் போகும்போது அவனை எஸ்டேட் கிரீச்சில் விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் அங்கே போய் அவனுக்குத் துணையாக இருப்பேன்.

முதலில் அந்தக் கிரீச் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு நீளமான தகரக் கூரை அறை. வரிசையாகச் சேலைத் தூளிகள். மூத்திரமும் ஃபினாயிலும் கலந்த வாடை. தவழுகிற பிள்ளைகள் வெளியே போய்விடாமல் காலில் துணிக் கயிற்றைக் கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்திருப்பார்கள். பழைய ஆயா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா, போதும்.

அந்த வருடம் புது ஆயா வந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்களை எங்கள் லைன் வீடுகளில் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள், ஏதோ வேற்று ஜாதி மனிதர்களைச் சொல்வதுபோல. புருஷன் கப்பலேறும் முன்பே இறந்துவிட்டானாம். ஒரு மகன் மட்டும், தேவாலாப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தான். அவள் பேச்சு எங்களுக்கு விநோதமாக இருக்கும். பேசுவதைக் 'கதைக்கிறது' என்பாள். கிரீச்சைப் 'பிள்ளைக்காம்பரா' என்பாள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'தானே' போடுவாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம்.

வந்த முதல் நாளே அவள் காலில் கட்டியிருந்த கயிறுகளையெல்லாம் அவிழ்த்து எறிந்தாள். "ஆட்டுக்குட்டியா கட்டி வக்கிறதுக்கு? கைக்கு வேல குடுத்தா புள்ள எங்க ஓடும்?" என்றாள். பிறகு கைக்கு வேலை தேட ஆரம்பித்தாள். எஸ்டேட் ஒரு பொம்மையும் வாங்கித் தராது என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவுமில்லை.

காலியான பால்பவுடர் டப்பாவில் தைலமரக் கொட்டைகளைப் போட்டு, வாயைத் துணியும் மைதாப் பசையும் வைத்து அடைத்தாள். கிலுகிலுப்பை. முளைவிட்டு வீணாய்ப்போன உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, முகத்தில் பூவும் மீனும் செதுக்கினாள். அச்சு. குச்சி நுனியைக் கல்லால் நசுக்கி நாராக்கினாள். பிரஷ். அப்பாவிடம் என்னை விட்டுக் கேட்டு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் வெட்டிப்போட்ட துண்டுகளை வாங்கினாள். அந்தத் தாளைப் பிள்ளைகள் கசக்குவதும் விரிப்பதும் விரலில் சுற்றிக்கொள்வதுமாக இருக்கும். அறை முழுக்க ஒரு சரசரப்பு. இப்போது பெட்டியும் இல்லை, அந்தத் தாளும் இல்லை. எல்லாம் சாக்குப் பையாகிவிட்டது.

ஓடைக்கரையிலிருந்து ஒரு பெரணி இலை பறித்து வருவாள். உங்களுக்கு நினைவிருக்கும், அடியில் வெள்ளை மாவு ஒட்டியிருக்குமே, அதுதான். பிள்ளையின் புறங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இலை அப்படியே வெள்ளையாக விழும். தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பான். அழிந்ததும் மறுபடி நீட்டுவான்.

ஜன்னல் திண்டில் இருமல் மருந்து பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றில் பீட்ரூட் தண்ணீர், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கீரையை அரைத்துப் பிழிந்த பச்சை. மாவு பிசைவது இவற்றை வைத்துத்தான். வெயில் வந்தால் சிவப்பும் மஞ்சளும் தரையில் விழும். தவழுகிற பிள்ளைகள் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் போகும். உப்பை ஏன் இவ்வளவு அள்ளிப் போடுகிறாய் என்று நான் கேட்டேன். "அப்பதான் ஒரு தடவ வாயில வச்ச புள்ள மறுதடவ வக்காது தானே" என்றாள். தம்பியும் ஒரே ஒரு தடவைதான் வைத்தான். அவன் முகம் போன போக்கை நினைத்து நாங்கள் இரண்டு நாள் சிரித்தோம்.

அம்மாவுக்கு மட்டும் ஆயாவைப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, சோத்துக்கு ஆகற மாவப் பிசைஞ்சு பிசைஞ்சு விளையாட்டுக் காட்டறா. எந்த ஊட்டுல நடக்குமுங்க இது?" என்று அப்பாவிடம் பொருமுவாள். அப்பா, "அது அவ ரேசன் மாவு புள்ள. பையன் சந்தோசமா இருக்கறானல்ல, உடு" என்பார்.

மாவு இல்லை விஷயம். இப்போது எனக்குப் புரிகிறது. அம்மா காலையிலிருந்து முதுகில் கூடையோடு சரிவில் நின்று, அட்டைக்கடி வாங்கி, தொப்பலாக நனைந்து, பிள்ளை முகத்தைப் பார்க்க ஓடி வருவாள். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று கையை நீட்டுவாள். இவன் ஓடிப்போய் ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஆயா விளையாட்டாகச் சிரிப்பாள். ஒருநாள் அவன் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்து 'ம்மா' என்று கூப்பிட்டுவிட்டான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் கையில் இறுக்கிப் பிடித்திருந்த மாவு உருண்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அது கருகிய நாற்றம் ராத்திரி வரை போகவில்லை. தம்பி அழுது அழுது தூங்கிப்போனான். பெற்றவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்தால் அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட் தண்ணீர்த் தொட்டிக்குள் மேட்டிலிருந்து செம்மண் இறங்கி, குழாயில் தேயிலை நிறத்தில் தண்ணீர் வந்தது. அதையேதான் எல்லோரும் குடித்தோம். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு கிரீச்சுக்குப் போனபோது தம்பி ஆயாவின் மடியில் துவண்டு கிடந்தான். காலையிலிருந்து வயிற்றால் போகிறதாம், வாந்தியாம். கண் மேலே செருகியிருந்தது. ஆள் அனுப்பி அம்மாவைக் காட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். எஸ்டேட் ரைட்டர் ஐயா, அதாவது ஆபீஸ் கணக்கெழுதுபவர், ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "என்னத்தக் குடுத்தே எம் பையனுக்கு?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் குடுக்கலங்க. சாயத்தண்ணிதான் குடுத்தேன்" என்றாள் ஆயா.

அம்மாவின் கண் ஜன்னல் திண்டுக்குப் போனது. சிவப்பு, மஞ்சள், பச்சை. ரைட்டர் ஐயாவும் அங்கேதான் பார்த்தார்.

"சாயத் தண்ணியா? நீயாவா போட்டே?" என்றார்.

"ஆமாங்க, நானே போட்டேன். நல்லாக் கொதிக்க வச்சு, ஆத்தித்தான் குடுத்தேன். வகுத்தால போற புள்ளைக்கு நல்லது தானே?"

"எத்தன பிள்ளைகளுக்குக் குடுத்திருக்கறே?"

"யாருக்கு வகுத்தால போனாலும் குடுப்பேங்க."

"கேட்டீங்களா சார்? அய்யோ, கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்றா பாருங்க!" அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "எம் பையனுக்குச் சாயத்தக் கலக்கிக் குடுத்திருக்கறாளே பாவி! நா திரும்பி வரும்போது இவ இங்க இருக்கக்கூடாதுங்க. இருந்தா நா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

ஆயா வாயைத் திறந்தாள். அதற்குள் ரைட்டர் ஐயா, "வாய மூடு" என்று ஒரு அதட்டுப் போட்டார். ஜீப் கிளம்பிவிட்டது. அவள் வாசலில் மழையில் நின்றாள். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. நானும் நம்பினேன். சாயம் என்றால் துணிக்குப் போடுவது, நமக்குத் தெரிந்ததெல்லாம் அதுதானே?

மறுநாள் காலையில் கொழுந்து லாரியில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தம்பி ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தான். பாட்டில்களை யாரோ சரிவில் வீசினார்கள். தேயிலைச் செடி மேல் கொஞ்ச நேரம் சிவப்பு இருந்தது, மழை அதையும் கழுவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தண்ணீரால் வந்த கோளாறு என்று சொல்லிவிட்டார். ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்தும் பிள்ளைகள் அதே வயிற்றுப்போக்கோடு வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். கிரீச் வாசலையே மிதிக்காத பிள்ளைகள் அவர்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஆயாதான் தன் வாயாலேயே சொன்னாளே என்றாள்.

தம்பி பிழைத்து வந்தான், குச்சி மாதிரி. கிரீச்சுக்குப் போனதும் ஒவ்வொரு தூளியாக விலக்கி விலக்கி யாரையோ தேடினான். அடுத்து வந்த ஆயா அவன் காலில் கயிறு கட்டினாள்.

மழை விட்ட பிறகு, ஒரு லீவு நாளில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு காட்டுக்குப் போயிருந்தேன். மேல் டிவிஷனிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு சிலோன்காரப் பெண் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தூக்குப் போசியைத் திறந்தாள். "அக்கா, சாயத்தண்ணி கொஞ்சம் ஊத்தவா?" என்றாள்.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "என்னது?"

"சாயத்தண்ணி அக்கா." அவள் தம்ளரில் ஊற்றி நீட்டினாள். பால் ஊற்றாத வெறும் தேயிலைத் தண்ணீர். "பால் போடாத தேத்தண்ணிய நாங்க அப்படித்தானே சொல்றது. அங்க எல்லாரும் அப்படித்தான். வகுத்தால போனா மொதல்ல இதத்தான் குடுக்கிறது."

அம்மா தம்ளரை வாங்கவில்லை. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவள் கொழுந்து பறிக்கவில்லை, செடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா எவ்வளவோ சொன்னார். "ரைட்டர்கிட்டப் போய் ஒரு வார்த்த சொல்லீரலாம் புள்ள. தேவாலாவுல எங்கயோதான் இருப்பா. ஆளு உட்டுச் சொல்லுவாங்க. பாவம், பையன் தேறீட்டான்னாவது தெரியட்டும்."

"சொல்லி? வேலைய அவளுக்குத் திருப்பியா குடுக்கப்போறாங்க?" என்றாள் அம்மா. "இந்த லைன் முழுக்க என்னையக் காறித் துப்பட்டும்னு சொல்றீங்களா?" சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவும் விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் விட்டுவிடுவதில் கெட்டிக்காரர். சாகும்வரை அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாங்கள் யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

போன சித்திரையில் தேவாலாவில் ஒரு கல்யாணம். தம்பி வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை செய்கிறான், அவனோடு வேலை பார்ப்பவர் வீட்டு விசேஷம். குன்னூரிலிருந்து நானும் அவனும் போனோம். வீட்டு வாசலில் பந்தல். தம்பி முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். நான் உள்ளே பெண்கள் பக்கம் போனேன். மூலையில் ஒரு பாய். அதில் ஒரு வயதான அம்மாள், கண்ணில் புரை. பக்கத்தில் அவள் மருமகள், தன் பேரக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

குழந்தையை அங்கிருந்த எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். அந்த அம்மாளிடம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், "ஏனுங்க, பெரியவங்ககிட்டக் குடுக்கலீங்களா?"

"எங்க மாமியா?" மருமகள் சிரித்தாள். "அவங்க புள்ளைன்னா பத்தடி தள்ளித்தான் நிப்பாங்க. எம் மூணு புள்ளைங்கள ஒரு நாளு மடியில வச்சதில்ல, ஒரு வாய் ஊட்டுனதில்ல. அவ்வளவு ராங்கி! இத்தனைக்கும் முந்தி மஞ்சூர்ப் பக்கம் பிள்ளைக்காம்பராவுல வேல பாத்தவங்கதான்."

பிள்ளைக்காம்பரா. அந்தச் சொல்லை நான் எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன்! அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட் பெயரைச் சொன்னேன். பாக்கிங் ரூம்காரர் மகள் என்றேன். ஈயத்தாள் கொண்டுவந்து தருவேனே, நான்தான் என்றேன்.

அவள் என்னை விசாரிக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அந்தப் புள்ள எத்தன நாள் இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அதே குரலில் சொல்லிக்கொண்டே போனாள். "லாரியில ஏறக்குள்ள சொன்னாங்க, புள்ள பொழைக்காதுன்னு. பொறகு யாருகிட்டயும் கேக்கப் பயம். நான் வேற எதுவும் குடுக்கல தானே? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மாவு கையில ஒட்டியிருந்திச்சோ, பாட்டில மாத்தி எடுத்திட்டேனோன்னு. எனக்கே தெரியாமப் போயிட்டுது."

நான் எழுந்து பந்திக்கு ஓடினேன். பாதிச் சாப்பாட்டில் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தேன். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று எச்சில் கையோடு வந்து அவள் முன்னால் குனிந்தான். "இதோ, இவன்தான். இவன்தாங்க அவன்" என்றேன். அவள் அவன் முகத்தைத் தடவினாள். மீசையைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நகராமல் நின்றான்.

தண்ணீரால் வந்த கோளாறு என்று சொன்னேன். அந்தச் சொல்லால் வந்த வினையைச் சொன்னேன். உண்மை பிறகு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன், மறைக்க மனம் வரவில்லை. அவள் ஒரு சாபமாவது விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் மருமகள் பக்கம் திரும்பி, "அத இங்க குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

மருமகள் எங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையை அவள் மடியில் உட்கார வைத்தாள். குழந்தை அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டு அழுதது. அந்த அம்மாள் இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தாள், ச்சு ச்சு என்றாள். குழந்தை மருமகளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு இன்னும் கத்தியது.

"பழக்கமில்ல தானே" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.